ஒன்றுக்குச் சரிபார்க்கவும்

4 செப்டம்பர்

அக்காவுக்கு,

ஃபோனில் கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். நீயும் ஸ்பீக்கருக்கு ஏற்ற குரலில் பதில் சொல்வாய். அதனால் கடிதம்.

ஒரே கேள்விதான். நான் உயர்கணிதத்துக்கு லாயக்கில்லை என்று அம்மாவிடம் எப்போது சொன்னாய்?

ஞாயிற்றுக்கிழமை அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் கொடுத்த தாளை நீட்டினேன். கை ஈரம் என்றாள். துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடு என்றேன். அப்போதுதான் சொன்னாள், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"அக்காவே சொல்லிட்டாடி. உனக்கு அது வேண்டாமாம். சாதா கணக்கே போதுமாம்."

"அக்காவா சொன்னா?"

"பின்ன நானா சொல்றேன்? எனக்குக் கணக்கைப் பத்தி என்ன தெரியும்?"

தாளில் சோப்பு நுரை தெறித்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு மறந்திருக்கலாம். முதல் பருவம் முடிந்ததும் உயர்கணிதத்தில் தொடர்வதா, சாதாரணக் கணிதத்துக்கு இறங்குவதா என்று வீட்டுக் கையெழுத்துடன் சொல்ல வேண்டும். அக்டோபர் பதினைந்து கடைசி. கையெழுத்து வராவிட்டால் அவர்களே இறக்கிவிடுவார்கள். இறங்கியவர்கள் மறுபடி ஏற முடியாது. உன் பல்கலைக்கழகம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அம்மாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பேன். அந்த வேலை மட்டம் என்று நான் எழுதவில்லை. அம்மாவிடம் அப்படிச் சொல்லிவிடாதே.

பின்னால் ஒரு கணக்கு இணைத்திருக்கிறேன். பகுதித் தொகையிடல். ஒருமுறை செய்தால் இன்னொன்றாக மாறுகிறது. இரண்டாம் முறை செய்தால் ஆரம்பித்த கணக்கே மறுபடி வந்து நிற்கிறது, குறி மட்டும் மாறி. அதை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பாதியாக்கினால் விடை. நானே போட்டேன். லாயக்கில்லாதவள் போட்ட கணக்கு. பார்த்துவிட்டுச் சொல்.

புள்ளி
(நீ வைத்த பெயர்தான். தசமப் புள்ளி, உட்காரும் இடத்தைப் பொறுத்து மதிப்பு என்று சிரித்தாய். அப்போதே ஏதோ சொல்ல வந்திருக்கிறாய்.)

*

11 செப்டம்பர்

புள்ளி,

ஒரே கேள்வி என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

நான் சொன்னேன் என்றே வைத்துக்கொள். அதுதானே உனக்கு வேண்டும்? "அக்கா தடுத்தாள், விட்டுவிட்டேன்." எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் வைத்துச் சொல்லலாம்.

உனக்கே இறங்கிவிட ஆசை என்று எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே, சொன்னவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். 'விடு' என்ற சொல் என் வாயிலிருந்து வந்தால் உனக்கு நிம்மதியாம். வராது. விடுவதென்றால் உன் பெயரில் விடு.

கணக்கைப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. நீ வரிக்கு வரி அம்புக்குறி போடுபவள். இதில் ஓரிடத்தில்கூட அம்பு இல்லை. 'ஆகவே', 'எனவே', 'இதிலிருந்து' என்று யாரோ பெரிய மனுஷன் எழுதிய மாதிரி இருக்கிறது. இடப்பக்கம் கொண்டுபோகும் தந்திரம் எங்களுக்கு இரண்டாம் பருவத்தில்தான் சொன்னார்கள். உனக்கு யார் சொன்னது? டியூஷனா? பக்கத்து பெஞ்சா?

கையெழுத்து உன்னுடையது. யோசனை யாருடையது?

அக்கா

*

17 செப்டம்பர்

அக்காவுக்கு,

அம்புக்குறி போட்டால் அரைமார்க் டீச்சர் அரை மார்க் குறைக்கிறாள். ஒவ்வொரு அம்புக்கும். "சொல்லு. கையைக் காட்டாத. உனக்கு வாய் இல்லையா?" என்று போன மாதம் எல்லார் முன்னாலும் கேட்டாள். அன்றிலிருந்து 'ஆகவே' எழுதுகிறேன். உனக்கும் அவள்தானே எடுத்தாள். உனக்கு எதற்கெல்லாம் குறைத்தாள் என்று வகுப்பில் இன்னும் சொல்வாள்.

தந்திரத்தை யாரும் சொல்லித் தரவில்லை. நான் அந்தக் கணக்கைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாம் சுற்றில் எரிச்சல் வந்தது. வந்த இடத்துக்கே வருகிறோம் என்றால், வந்த இடத்தையே பிடித்து இழுத்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான். நம்பாவிட்டால் போ.

இப்போது என் முறை.

ஒன்று: என் வகுப்பில் உனக்கு உளவு சொல்வது யார்? எனக்கு இறங்க ஆசை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன். என் பக்கத்தில் உட்காரும் கண்ணாடிக்காரியின் அண்ணன் உன் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறான். புரிந்துவிட்டது. நேற்றிலிருந்து அவளிடம் பேசுவதில்லை. "என்னடி ஆச்சு?" என்று கேட்டாள். "உனக்கே தெரியும்" என்றேன். என்ன அருமையாக விழித்தாள் தெரியுமா, நடிப்பு.

இரண்டு: நீ எழுதிய தாளின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது. விடைக் கையேடு. பன்னிரண்டாம் வகுப்பு, அத்தியாயம் நான்கு, விடைகள் மட்டும். உன்னிடம் விடைக் கையேடு எதற்கு? அதையும் ஏன் கிழித்துக் கடிதம் எழுதுகிறாய்?

மூன்று: விடுமுறைக்கு வரவில்லை. ஃபோனில் வகுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. பரீட்சை எப்படி என்று அம்மா கேட்டால் "போச்சு" என்கிறாய். முடிந்து போச்சா, கைவிட்டுப் போச்சா?

நீ இன்னும் படிக்கிறாயா, அக்கா?

சண்டைக்கு நடுவில் ஓர் உதவி. கணிதத் தொகுத்தறிதலில் ஒரு கணக்கு. எல்லா இயல் எண்களுக்கும் n² + n + 1 இரட்டைப்படை என்று நிறுவ வேண்டும். தடுமாறுகிறது. போட்டு அனுப்பு.

புள்ளி

*

24 செப்டம்பர்

புள்ளி,

இதோ.

n-க்கு அது இரட்டைப்படை என்று கொள்வோம். அடுத்த எண்ணைப் போட்டால், பழைய தொகையுடன் 2(n + 1) கூடுகிறது. கூடுவது இரட்டைப்படை. இரட்டைப்படையுடன் இரட்டைப்படை சேர்ந்தால் இரட்டைப்படை. எனவே n-க்கு உண்மை என்றால் அடுத்ததற்கும் உண்மை. முதல் படி வெளிப்படை. முடிந்தது.

நான்கு வரி. தடுமாற இதில் என்ன இருக்கிறது? இதிலேயே நிற்கிறாய் என்றால், 'விடு' சொல்ல மாட்டேன் என்றதெல்லாம் போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன்: இறங்கிவிடு. இங்கே இருப்பது இதைவிடக் கரடு. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் இங்கே வரிசையாக உட்கார்ந்து பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாரத்தில் மூன்று நாள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். கழித்த தாள்கள் மலையாகக் கிடக்கும். ஒரு பக்கம் வெள்ளை. அதில்தான் எழுதுகிறேன். விடுமுறைக்கு வராததற்கும் அதுதான் காரணம். தடயம் தேடுபவள் இதையும் குறித்துக்கொள்.

நான் படிக்கிறேனா என்ற கேள்விக்குப் பதில் எழுதப்போவதில்லை. கேட்ட விதம் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்காரி யார் என்றே எனக்குத் தெரியாது. அவள் அண்ணனையும் தெரியாது.

அக்கா

*

30 செப்டம்பர்

அக்கா,

ஒன்றைப் போட்டுப் பார்.

ஒன்றின் வர்க்கம் ஒன்று. அதோடு ஒன்று. அதோடு இன்னொன்று. மூன்று. மூன்று இரட்டைப்படையா?

இரண்டைப் போடு. ஏழு. மூன்றைப் போடு. பதின்மூன்று. எந்த எண்ணைப் போட்டாலும் ஒற்றைப்படைதான் வரும், உலகம் அழியும் வரைக்கும். புத்தகத்தில் இருப்பது n² + n. கடைசி ஒன்றை நான்தான் சேர்த்தேன். பொய்யான கணக்கை உனக்கு அனுப்பினேன். நீ அதை நான்கு வரியில் நிறுவி, 'முடிந்தது' என்று எழுதி, என்னையும் இறங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாய்.

உன் படி சரிதான். ஒவ்வொன்றும் முந்தையதைப் போலவே இருக்கும். ஆனால் முதலாவதை நீ பார்க்கவே இல்லை. 'வெளிப்படை.'

உன் கடிதத்தை மடித்து, அந்த நான்கு வரி மட்டும் தெரியும்படி அரைமார்க் டீச்சரிடம் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. பார்த்தவுடன் சிரித்துவிட்டாள்.

"உங்கக்காதானே? அவளுக்கு எல்லாம் வரும். ஒண்ணுல ஆரம்பிக்க மட்டும் வராது. எத்தனை அரை மார்க் வெட்டியிருப்பேன், அவளுக்கு உறைக்கவே இல்ல பாரு."

கணிதம் படித்துக்கொண்டிருப்பவள் ஒரு எண்ணைக்கூடப் போட்டுப் பார்க்காமல் இருப்பாளா? விடைக் கையேடு. அச்சகம். வராத விடுமுறை. 'போச்சு.' இப்போது இது. எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. நீ படிப்பை விட்டுவிட்டாய். நீ விட்டதால் நானும் விட வேண்டும் என்று பார்க்கிறாய்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

கையெழுத்துத் தாளைக் காணவில்லை. என் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அம்மாவைக் கேட்டால் "எனக்கென்ன தெரியும்" என்கிறாள். உனக்குத் தெரியுமா?

புள்ளி

*

8 அக்டோபர்

புள்ளி,

ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். மூன்று.

வேறு எதுவும் எழுதும் முன் அதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

திங்கட்கிழமை நேரியல் இயற்கணித வகுப்பு. எங்கள் வகுப்பறைக் கதவில் ஒரு சிறிய சதுரக் கண்ணாடி உண்டு. பாதி வகுப்பில் அந்தச் சதுரத்துக்குள் ஒரு நெற்றி வந்து நின்றது. உயரம் போதாமல் எக்கி எக்கிப் பார்த்தது. அம்மாவின் நெற்றி. நான் மூன்றாம் வரிசையில், திறந்த நோட்டுடன் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் நெற்றி கீழே இறங்கிவிட்டது. வகுப்பு முடியும்வரை மறுபடி வரவில்லை.

வெளியே பெஞ்சில் இருந்தாள். வேலைக்குப் போடும் வெள்ளைச் செருப்பு. மாற்றக்கூட இல்லை.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா நீ புஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்ப."

"நான் படிக்கலன்னு யார் சொன்னா?"

"உன் தங்கச்சி. கணக்குப் போட்டு நிரூபிச்சிட்டாளாம்."

கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன். கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். எந்தத் திரவத்தையும் அப்படித்தான் பார்க்கிறாள். உன் கடிதம் என் பையிலேயே இருந்தது. 'ஒன்றைப் போட்டுப் பார்.' எனக்கு அப்போதுதான் உறைத்தது, போட்டுப் பார்க்காத ஒன்று என் எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறது என்று.

"அம்மா, ஆகஸ்டுல ஃபோன் பண்ணி ஒண்ணு சொன்ன. அவ உயர்கணக்கு வேண்டாம்னு அழறா, என்கிட்ட சொல்லப் பயப்படறா, நானா விடச் சொன்னா நிம்மதியா விட்டுடுவான்னு. நீ சொன்னதா அவகிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட வாக்கு வாங்கின. அவ எப்ப அழுதா?"

"அழுவா."

"அழுதாளா?"

"அழற மாதிரிதான் இருந்தா."

"அவகிட்ட போய், நான் அவளை லாயக்கில்லன்னு சொன்னதா சொல்லியிருக்க. நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. அவ கணக்கைப் பத்திப் பேச்செடுத்தா ஃபோன்ல ஒரு 'ம்' போடுவ பாரு. அந்த 'ம்' எனக்குத் தெரியாதா? உன்னைப் பெத்தவ நான். ரெண்டு பேரும் சொல்லாம வெச்சிருந்ததை எடுத்துச் சொன்னேன். இதுல பொய் எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

டீயைக் கடைசிவரை குடித்தாள். நீ வைத்துக்கொண்டிருந்த தாள் அவள் கைப்பையில், கண்ணாடிக் கூட்டுக்குள், நாலாக மடித்து இருந்தது. எடுத்து மேசையில் வைத்தாள். சோப்பு பட்ட இடம் சுருங்கியிருந்தது.

"நீ கணக்குன்னு போன. நாலு மாசத்துக்கு ஒரு தடவ வர்ற. வந்தாலும் சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. அவளும் அதே பக்கம் போயிட்டா நான் வீட்ல யாரோட சண்டை போடுறது? குக்கரோடயா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"நீயே கையெழுத்துப் போடு" என்றாள். "நான் போட்டா நானே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும்."

போட்டேன். மடித்து அவள் பைக்குள் வைத்தேன். உன் கைக்கு வந்து சேர்ந்ததா என்று எழுது. கட்டாயம் சேரும் என்று நான் எழுதப்போவதில்லை.

உன் சந்தேகத்துக்குப் பதில்: படிப்பை விடவில்லை. போன பருவத்தில் ஒரு தாளில் தோற்றேன். முதல் முறை. விடைத்தாளைத் திருப்பித் தரும்போது பேராசிரியர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை ஃபோனில், ஸ்பீக்கரில், எப்படிச் சொல்வது? 'போச்சு' என்றேன். திரும்ப எழுதுகிறேன்.

உன் முதல் கணக்கு உன்னுடையதுதான். எரிச்சலில் கண்டுபிடித்தேன் என்று எழுதியிருந்தாயே, அதை வேறு யாரும் எழுதித் தர முடியாது.

நம் கடிதங்களைத் தேதிப்படி அடுக்கிப் படித்தேன். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதிலிருந்து ஒழுங்காகப் பிறந்திருக்கிறது. நடுவில் எங்கேயும் பிழை இல்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

இப்போது முதலாவதைப் பார்க்கிறேன். நான் உன்னை லாயக்கில்லை என்று சொல்லவில்லை. நினைத்தேனா என்று கேட்காதே.

நீ விட வேண்டும் என்று சொன்னாயா?

அக்கா

*

16 அக்டோபர்

அக்காவுக்கு,

சொல்லவில்லை. நினைத்தேனா என்று நீயும் கேட்காதே.

தாள் வந்து சேர்ந்தது. அம்மா கையில் கொடுக்கவில்லை. காலையில் எழுந்தால் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது. உன் கையெழுத்துக்குக் கீழே அம்மாவின் கையெழுத்தும் இருந்தது. கண்ணாடிக் குழாயில் எழுதும் பேனாவால் போட்டிருக்கிறாள். தண்ணீர் பட்டாலும் அழியாது. எப்போது போட்டாள் என்று கேட்டேன். "எதை?" என்றாள்.

அரைமார்க் டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு கையெழுத்துதானே கேட்டோம்? இது என்ன, ரெண்டு?"

"ஒண்ணு அக்கா, மிஸ்."

"ஒண்ணா? அவளா?" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக் கோப்பில் வைத்தாள். அதற்கு மார்க் குறைக்கவில்லை. நேற்றுதான் கடைசி நாள். நான் உயர்கணிதத்தில் இருக்கிறேன். இதைத் தனி வரியில் எழுத நினைத்தேன், அப்புறம் கூச்சமாக இருந்தது.

கண்ணாடிக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்காகப் பேசாமல் இருந்தாய் என்று கேட்டாள். "ஒரு கணக்கு தப்பாயிடுச்சு" என்றேன். "இந்த நாலு வாரமா என் நோட்டைக்கூட தொடலையேடி, அப்படி என்ன கணக்கு?" என்றாள். அவளுடைய அண்ணன் படிப்பது கணிதமே இல்லையாம். கால்நடை மருத்துவம்.

அம்மா என்னோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாள். நேற்று துண்டை எங்கே காயப்போட்டேன் என்பதற்கு ஒன்று. இன்று காலை சும்மாவே ஒன்று. நல்ல உற்சாகமாக இருக்கிறாள். நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒரு விஷயம். நேற்று தட்டைக் கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா அங்க அழுதாடி. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு சொன்னா."

உடனே ஃபோனை எடுக்கப் போனேன். அப்புறம் வைத்துவிட்டேன். இதை நம்பி நான் ஒன்று எழுத, அதை நம்பி நீ ஒன்று எழுத வேண்டாம்.

ஆகவே முதலில் கேட்கிறேன். அழுதாயா? சொல்ல வேண்டாம் என்று சொன்னாயா?

புள்ளி

*

21 அக்டோபர்

புள்ளி,

சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அழுதேன். ஆனால் அது அம்மாவின் பஸ் போன பிறகு, ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் நிறுத்தும் இடத்தில். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. நன்றாகப் பார்த்தேன்.

அவளுக்கு யார் சொன்னது?

அக்கா